ஷியானில் ஒரே ஒரு நாள்: குழுச் சுற்றுலாவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இதுதான்: "சீனாவுக்குக் குழுச் சுற்றுலாவில் போகிறோம். ஷியானுக்கு ஒரே ஒரு நாள். காலையில் சுடுமண் வீரர்கள், வழியில் ஒரு சிலைப் பட்டறை, மதியத்துக்கு மேல் நகர மதிலும் காட்டு வாத்துக் கோபுரமும், இரவு முஸ்லிம் தெரு என்று அட்டவணை வந்திருக்கிறது. அப்பா அம்மாவும் வருகிறார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், சைவம். அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளில் பாதியைச் சுடுமண் வீரர்களுக்கே கொடுங்கள். பட்டறையை விட்டுவிடுங்கள். மதில், கோபுரம் இரண்டில் ஒன்றை உருப்படியாகப் பாருங்கள். முஸ்லிம் தெருவுக்குப் போகும்போது கடைகளைப் பார்க்கும் முன் அங்குள்ள பழைய மசூதிக்குள் நுழையுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. சீனாவின் முதல் பேரரசரின் கல்லறையை ஒட்டிப் புதைத்த சுட்ட மண் சிலைகள்தான் இந்தச் சுடுமண் வீரர்கள். அவர்கள் இருக்கும் அருங்காட்சியகம் ஷியான் நகருக்குள் இல்லை. கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி லின்டாங் பகுதியில், லிஷான் மலையடிவாரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம், காலை நெரிசலில் அதற்கும் மேல். அட்டவணையில் "சுடுமண் வீரர்கள் - 2 மணி நேரம்" என்று போட்டிருந்தால், வாகன நிறுத்தத்திலிருந்து நுழைவாயிலுக்கு நடப்பது, பாஸ்போர்ட் சரிபார்ப்பு, கழிப்பறை, ஆள் எண்ணிக்கை எல்லாம் அதற்குள் அடங்கும். குழிகளுக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். மூன்று மணி நேரமாவது வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் கைடு மாற்ற மாட்டார், மாற்றவும் முடியாது. முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டின்போதே மற்ற குடும்பங்களிடம் பேசி, நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து டூர் மேனேஜரிடம் கேளுங்கள். "பட்டறை வேண்டாம், அந்த நேரத்தை உள்ளே கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பட்டறை என்பது லின்டாங் போகும் வழியில் உள்ள விற்பனைக்கூடம். வாசலில் ஒருவர் களிமண்ணை அச்சில் அமுக்கிக் காட்டுவார், பத்து நிமிடம். அப்புறம் பெரிய ஹால் முழுக்க சிலைகள், அரக்கு மரச்சாமான்கள், பட்டுப் போர்வை, பச்சைக்கல். சீனாவில் 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். அடிமாட்டு விலைக்கு ஆளைச் சேர்த்துவிட்டுக் கடைக் கமிஷனில் ஈடுகட்டுவதை அது தடை செய்கிறது. பயணிகளோடு பேசி ஒத்துக்கொள்ளாமல் குறிப்பிட்ட கடைக்கு அழைத்துப்போவதும் தவறு. அப்படி நடந்தால், பயணம் முடிந்து 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக்கொடுத்துப் பணம் வாங்கித் தரச் சொல்லிச் சுற்றுலா நிறுவனத்தைக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. இதைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் கடை நிறுத்தங்கள் எழுதியிருக்கின்றனவா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதியிருந்தால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். சிலை ஆசையாக இருந்தால் அருங்காட்சியகத்துக்கு வெளியே உள்ள கடைகளில் கைக்கு அடக்கமான பொம்மைகள் நிறையக் கிடைக்கும், பேரம் பேசலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1974 மார்ச்சில் கடும் வறட்சி. கிராமத்து விவசாயிகள் சிலர் கிணறு தோண்டினார்கள். சில மீட்டர் ஆழத்தில் சுட்ட மண் துண்டுகளும் வெண்கல அம்பு முனைகளும் கிடைத்தன. கிழக்கே பார்த்து அணிவகுத்த ஒரு முழுப் படை அப்படித்தான் வெளியே வந்தது. அதைச் செய்வித்தவர் சின் ஷி ஹுவாங். 13 வயதில் சின் நாட்டின் அரசரானவர், கி.மு. 221-இல் மற்ற நாடுகளையெல்லாம் வென்று சீனாவின் முதல் பேரரசர் ஆனார், கி.மு. 210-இல் இறந்தார். மொத்தம் சுமார் 8,000 உருவங்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வெளியே எடுத்துச் சீராக்கியது அதில் ஒரு பகுதிதான். மிச்சம் இன்னமும் மண்ணுக்குள் இருக்கிறது. வியப்பு என்னவென்றால், பேரரசர் இறந்து நூறு ஆண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான், கல்லறையைப் பற்றி விரிவாக எழுதியும், இந்தப் படையைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆகவே 1974 வரை இப்படி ஒன்று இருக்கிறதென்று யாரும் தேடவே இல்லை.

மூன்று குழிகள். முதல் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். விமானக் கொட்டகை போன்ற கூரைக்கு அடியில் இருக்கிறது. படங்களில் நீங்கள் பார்த்தது இதைத்தான். இரண்டாவது குழியில் குதிரைப்படையும் வில்லாளிகளும் இருக்கிறார்கள். பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. மூன்றாவது சின்னது, 68 உருவங்கள், படைத்தலைமை இருந்த இடம் என்று கருதுகிறார்கள். கைடுகள் வழக்கமாக முதல் குழியில் ஆரம்பிப்பார்கள். கூட்டமும் அங்கேதான் மோதும். முடிந்தால் 3, 2, 1 என்று தலைகீழாகப் போகச் சொல்லுங்கள். சிறியதில் அமைப்பு புரியும், இரண்டாவதில் தோண்டும் வேலை புரியும், கடைசியில் பெரியதைப் பார்க்கும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது என்னவென்று தெரிந்து பார்ப்பீர்கள்.

இரண்டாவது குழியின் கண்ணாடிப் பெட்டிகளை விட்டுவிடாதீர்கள். மண்டியிட்ட வில்லாளி ஒருவர் இருப்பார். குனிந்து அவருடைய பின்பாதத்தைப் பாருங்கள். செருப்பின் அடியில் வழுக்காமல் இருக்கப் போட்ட தையல் புள்ளிகள் தெரியும், நுனியில் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும். மண்ணுக்குள் புதைக்கப்போகும் சிலையின் உள்ளங்காலில் ஒரு கைவினைஞர் இவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கிறார்.

முதல் குழிக்குள் நுழைந்ததும் முன்வரிசை மேடையில் எல்லோரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். அங்கே ஐந்து நிமிடம் போதும். இரண்டு பக்கமும் நடைபாதை போகிறது. பாதி தூரம் போனதும் பெரும்பாலான குழுக்கள் திரும்பிவிடும். நீங்கள் திரும்பாதீர்கள். கடைசி வரை நடந்து பின்பக்கம் போங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் நிற்கும் வீரர்கள் அப்படியே நின்றபடி கண்டெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மேலே கனமான மர உத்தரங்கள், அவற்றின் மேல் விரித்த பாய், அதன் மேல் மண் என்று கூரை இருந்தது. அது எரிந்தும் இற்றும் சரிந்தது. சின் வம்சம் வீழ்ந்தபோது கி.மு. 206-இல் கிளர்ச்சித் தளபதி சியாங் யூவின் படை வந்து சூறையாடித் தீ வைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. குழிகளில் கருகிய மரமும் சிவந்த மண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. கூரை விழுந்து அத்தனை உருவங்களும் நொறுங்கின. தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, எண் போட்டு, எது யாருடைய தோள், எது யாருடைய முழங்கை என்று கண்டுபிடித்து ஒட்டியவர்கள் நம் காலத்துச் சீரமைப்பாளர்கள். ஓர் உருவத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலை நடக்கும் இடம்தான் பின்பக்கம். தலையில்லாமல் நிற்பவர்கள், இடுப்பில் பட்டை கட்டி நிறுத்தியவர்கள், பிளாஸ்டிக் தாள் சுற்றியவர்கள் என்று வரிசையாக இருப்பார்கள். நடுவில் இருக்கும் மண் சுவர்களையும் கவனியுங்கள். மேல்பகுதி அலை அலையாக இருக்கும். அது மழை அரித்ததில்லை, உத்தரக்கட்டைகள் அழுத்திய தடம். மரம் போய்விட்டது, அதன் அச்சு மட்டும் இருக்கிறது.

என் கருத்தில் இந்த இடத்தின் பெருமையில் பாதி பேரரசருடையது அல்ல. செய்தவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும் உரியது. செய்தவர்களின் பெயர்கள் பல உருவங்களின் மேல் முத்திரையாகவோ கீறலாகவோ இருக்கின்றன. தரத்தைக் கண்காணிக்க அரசு போடவைத்தது அது. இன்று அந்தக் குயவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது அந்த எழுத்துகள் வழியாகத்தான்.

கைடு சொல்லும் சில கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே குரோமியம் பூசத் தெரிந்தவர்கள், அதனால்தான் வாள் துருப்பிடிக்கவில்லை" என்று சொல்வார்கள். பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட இந்தக் கருத்தை 2019-இல் வெளிவந்த ஆய்வு மறுத்துவிட்டது. ஆயுதங்களில் இருந்த குரோமியம், கைப்பிடி போன்ற பாகங்களுக்கும் உருவங்களுக்கும் பூசிய அரக்கிலிருந்து ஒட்டியது. வெண்கலம் கெடாமல் இருந்ததற்கு அதன் கலவையும், காரத்தன்மை கொண்ட நுண்ணிய மண்ணும்தான் காரணம். "ஒவ்வொரு முகமும் வேறு" என்பது ஓரளவு சரி. உடலை மண் வளையங்களை அடுக்கி எழுப்பி, தலையைத் தனியாக அச்சில் வார்த்து, அப்புறம் மீசை, புருவம், கொண்டை எல்லாவற்றையும் கையால் செதுக்கினார்கள். 30 வீரர்களின் காதுகளை மட்டும் எடுத்து அளந்து பார்த்த ஆய்வில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று தெரிந்தது. பெற்றோரிடம் சொல்லிவையுங்கள், காதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

நிறமும் உண்டு. இப்போது சாம்பலாகத் தெரியும் எல்லோரும் ஒரு காலத்தில் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா பூசியவர்கள். வண்ணத்துக்கு அடியில் இருந்த அரக்கு, மண்ணின் ஈரம் போய் வறண்ட காற்று பட்டதும் சில நிமிடங்களிலேயே சுருண்டு உரிந்துவிடும். மேலும் தோண்ட அவசரப்படாததற்கு இது ஒரு காரணம். பேரரசரின் கல்லறை மேடும் இதுவரை திறக்கப்படவில்லை. உள்ளே பாதரச ஆறுகள் ஓடவிட்டிருந்ததாகச் சிமா சியான் எழுதினார். மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரச அளவு உண்மையிலேயே கூடுதலாக இருந்தது.

அந்த மேடு வீரர்கள் இருக்கும் இடத்திலிருந்து மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அதே டிக்கெட்டில் போகலாம். 1980-இல் கண்டெடுத்த இரண்டு வெண்கலத் தேர்கள் இப்போது அங்கே 2021-இல் திறந்த தனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிஜத்தில் பாதி அளவு, தேருக்கு நான்கு குதிரை, பொன்னும் வெள்ளியும் பதித்த கடிவாளம். இரண்டாவது தேரில் திறந்து மூடும் சன்னல்கூட உண்டு. குழுக்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. பட்டறை நேரத்தை மிச்சம் பிடித்தால் இதற்குச் செலவிடலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் வீரர்களைவிட இந்தத் தேர்களே அதிகம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரம் வீணாகாது.

பெற்றோருக்காக: நடை அதிகம். நுழைவாயிலிலிருந்து குழிகள் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது, சின்னக் கட்டணம். அதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குழிகளைச் சுற்றி உட்கார இடம் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் ஷியான் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை; டிசம்பர், ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். முதல் குழிக் கூடத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பில்லை. தேதியை இன்னும் மாற்ற முடியுமென்றால் அக்டோபர் முதல் வாரத்தையும் மே முதல் வாரத்தையும் தவிருங்கள். சீனா முழுவதும் அப்போது விடுமுறை, கம்பி ஓரத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. டிக்கெட் ஆளின் பெயரில், பாஸ்போர்ட் எண்ணில் பதிவாவது. அதனால் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வரக்கூடாது. கையில் டிஷ்யூ இருக்கட்டும். பல கழிப்பறைகளில் தாள் இருக்காது, உட்காரும் வகையும் குறைவு.

மதியச் சாப்பாடு வட்டமேசையில், நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டில் வரும். பத்துப் பேருக்குப் பத்துப் பன்னிரண்டு வகை. சைவம் என்று சொன்னாலும் காய்கறியில் பன்றிக் கொழுப்போ, சிப்பிச் சாறோ, இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அங்கே பலருக்கு இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அது சைவம்தான். "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது" என்று சீனத்தில் எழுதி போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது பலன் தரும். வெறும் சோறு, வதக்கிய கீரை, உருளைக்கிழங்கு, டோஃபு எப்படியும் கிடைக்கும். ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போவதில் தவறில்லை.

பிற்பகலில் மதிலா, கோபுரமா? நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ தெம்பு இருந்தால் மதில். மிங் வம்சத்தில் 1370-களில் கட்டியது, சுற்றளவு 13.7 கிலோமீட்டர், 12 மீட்டர் உயரம், மேலே நாலு கார் பக்கத்தில் பக்கத்தில் போகுமளவு அகலம். சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள். முழுச் சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், செங்கல் தளம் குலுக்கி எடுக்கும். குழுவுக்கு அவ்வளவு நேரம் தர மாட்டார்கள். தெற்கு வாசலில் ஏறி ஒரு பகுதி நடந்து திரும்புவார்கள், அது போதும். இவ்வளவு பெரிய மதில் சூழ்ந்த பகுதி, தாங் வம்சத்துச் சாங்கான் நகரத்தில் ஏழில் ஒரு பங்குதான். அந்தச் சாங்கான்தான் இன்றைய ஷியான்.

முழங்கால் வலி இருக்கும் பெற்றோருக்கு நான் கோபுரத்தைத்தான் சொல்வேன். மேலே ஏற வேண்டாம், ஏணி மாதிரிப் படிகள். கீழே நின்றாலே போதும். அந்த இடத்துக்கு நம்மோடு உண்மையான தொடர்பு இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங்தான் காரணம். இந்தியாவிலிருந்து 645-இல் சாங்கான் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை 657 நூல்கள். அவற்றைத் தீயிலிருந்து காப்பாற்றிவைக்க 652-இல் எழுந்ததுதான் இந்தக் கோபுரம். இப்போது பார்ப்பது பின்னால் திருப்பிக் கட்டி உயர்த்தியது, ஏழு நிலை, சுமார் 64 மீட்டர், சற்றே சாய்ந்திருக்கும். அவர் 640 வாக்கில் காஞ்சிபுரம் வந்தார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம். திராவிட நாட்டின் தலைநகர் காஞ்சி சுற்றளவில் 30 லி (பழைய சீன நீள அளவு) என்றும், நூற்றுக்கு மேற்பட்ட மடங்களில் பத்தாயிரம் துறவிகள் இருந்தார்கள் என்றும், எண்பது தேவர் கோயில்கள் இருந்தன என்றும் எழுதிவைத்திருக்கிறார். காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அங்கே மன்னர் இறந்து பஞ்சமும் வந்திருப்பதாகச் சொன்ன இலங்கைத் துறவிகளைச் சந்தித்ததால் போகவில்லை. இந்தியரில்லாத குழு என்றால் கைடு இதை ஒரு வரியில் முடித்துவிடுவார். நீங்களே பெற்றோருக்குச் சொல்லுங்கள். குழுக்களை வழக்கமாக வடக்குச் சதுக்கத்தில் இறக்கி நீரூற்றைக் காட்டுவார்கள். யுவான் சுவாங்கின் பெரிய சிலை தெற்குப் பக்கம் இருக்கிறது, அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

மாலையில் மணிக் கோபுரத்திலிருந்து முரசுக் கோபுரம் வழியாக நடந்தால் முஸ்லிம் தெரு. மணிக் கோபுரம் 1384-இல் கட்டியது; நகரின் மையம் நகர்ந்ததால் 1582-இல் அப்படியே பிரித்து எடுத்துவந்து இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள். தெருவுக்குள் கூட்டம் தோளோடு தோள் உரசும். பக்கத்துச் சந்தில் திரும்பினால் பெரிய மசூதி. சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் தெருவைச் சுற்றும் முன் இதைப் பாருங்கள். 742-இல் தொடங்கியது என்பது மரபு. இப்போது நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் மிங் காலத்தவை. பச்சை நீல ஓட்டுக்கூரை, மரத்தூண், பாகோடா வடிவத்தில் அழைப்புக்கோபுரம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக முற்றங்கள். சீனக் கோயில்கள் தெற்கு நோக்கி இருக்கும், இது மெக்கா இருக்கும் மேற்கை நோக்கிப் போகிறது. தொழுகைக் கூடத்துக்குள் மற்றவர்களுக்கு அனுமதியில்லை. முற்றத்தில் உட்கார்ந்தால் அந்த நாளில் முதல்முறையாகச் சத்தமில்லாத இடத்தில் இருப்பீர்கள். அப்பா அம்மாவுக்கு அந்த இருபது நிமிடம் தேவைப்படும்.

தெருவில் எல்லாமே ஆட்டிறைச்சி மயம்; பன்றி இறைச்சி அங்கே கிடையாது. சைவத்துக்கு உள்ளவை: லியாங்பி எனும் குளிர்ந்த நூடுல்ஸ், வினிகரும் மிளகாய் எண்ணெயும் வெள்ளரியும் சேர்த்தது. இலந்தைப்பழமும் பயறும் வைத்து வேகவைத்த பசையரிசிக் கேக். லின்டாங் சீமைப்பனிச்சையை (பெர்சிமன் பழம்) பிசைந்து பொரித்த பணியாரம். கண் முன்னால் பிழியும் மாதுளைச் சாறு. பொரிக்கும் எண்ணெய் இறைச்சிக்கும் பொதுவா, தனியா என்று கேட்க முடியாது, கறாரான சைவம் என்றால் பொரித்ததை விடுங்கள்.

பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் விசா, மாஸ்டர் கார்டை ஊரிலேயே இணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் விற்பவர்கூட கியூஆர் கோடுதான் நீட்டுவார். ரொக்கம் வாங்க மறுக்கக்கூடாது என்பது விதி, ஆனால் சில்லறை இருக்காது. பத்து, இருபது யுவான் நோட்டாக வைத்திருங்கள். வாட்ஸப்பும் கூகுளும் ஓட்டல் வைஃபையில் வேலை செய்யாது, நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வேலை செய்யும். முஸ்லிம் தெருவில் குழு சிதறுவது எப்போதும் நடப்பது. இறங்கியதும் பஸ் திரும்ப நிற்கும் இடத்தைப் படம் எடுத்து, ஓட்டல் பெயர்ச் சீட்டைச் சீன எழுத்தில் வாங்கி அப்பா சட்டைப்பையிலும் அம்மா கைப்பையிலும் ஆளுக்கு ஒன்று போட்டுவிடுங்கள். வழி தவறினாலும் அதை டாக்ஸிக்காரரிடம் காட்டினால் கொண்டுவந்து விட்டுவிடுவார்.